வன்னிப் புழுதியில் ஓடும் வண்டிக்கு எந்த ஒயில்?

முதலில் முடிவைச் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன். வன்னியில் ஓடுகிற 100 சீசி மோட்டார் சைக்கிள், பழைய டீசல் வான், உழவு இயந்திரம் ஆகியவற்றுக்குச் சரியான தரக்குறியுள்ள மினரல் ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் காணும். ஹைபிரிட் கார், டேர்போ உள்ள எஞ்சின், மெல்லிய ஒயில் கேட்கிற புது எஞ்சின் என்றால் சிந்தெற்றிக்தான். அதில் காசு மிச்சம் பிடிக்கக்கூடாது. இடையில் நிற்கிற வண்டிகளுக்கு, அவை எந்த ரோட்டில் ஓடுகின்றன என்று கேட்டுத்தான் சொல்ல முடியும்.

மாங்குளம் சந்திக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கிறேன். ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ34 வீதி பிரிகிற இடம். ஒருபக்கம் கட்டுநாயக்காவுக்கு ஆளேற்றி ஓடுகிற ஹையேஸ் வான் வந்து நிற்கும். மறுபக்கம் துணுக்காய் வயலிலிருந்து சில்லுச் சேறு காயமுதல் ஒரு மெசி பேர்கசன் வந்து நிற்கும். இரண்டு சாரதிகளும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணை, சிந்தெற்றிக் விடுவமோ, சாதாவே காணுமோ?" இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்கிற ஆளை நம்பாதீர்கள்.

மினரல் ஒயில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. மெழுகையும் கந்தகத்தையும் நீக்கினாலும் அதன் மூலக்கூறுகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்தே இருக்கும். சிந்தெற்றிக்கில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, எதிலீன் வாயுவில் தொடங்கி ஆலையில் ஒரே சீரான மூலக்கூறாகக் கட்டி எடுக்கும் பிஏஓ. மற்றது, கச்சா எண்ணெயிலிருந்து வந்த பகுதியையே ஐதரசனோடு சேர்த்துக் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உடைத்து மாற்றியமைப்பது. மூன்றாம் குழு என்று சொல்வார்கள். 1999 இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பனிகளுக்கிடையே வந்த விளம்பரத் தகராறில், இந்த மூன்றாம் குழுவையும் சிந்தெற்றிக் என்று சொல்லி விற்கலாம் என்று முடிவானது. அதன்பிறகு இந்த வகையும் ‘முழுச் சிந்தெற்றிக்’ கானில் தாராளமாக வருகிறது. நல்ல ஒயில்தான், குறை சொல்வதற்கில்லை. செமி சிந்தெற்றிக் என்று எழுதியிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அதில் எத்தனை வீதம் சிந்தெற்றிக் இருக்கவேண்டும் என்று பொதுவான வரையறை கிடையாது.

மூலக்கூறு சீராக இருப்பதால் சிந்தெற்றிக்குக்கு மூன்று பலன்கள். குளிரில் உறையாமல் ஓடும். சூட்டில் ஆவியாகிக் குறைவது குறைவு. காற்றோடு சேர்ந்து கெட்டித் தாராவது தாமதமாகும். இதில் முதலாவது பலனால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஒயில் கானில் டபிள்யூ எழுத்துக்கு முன்னால் நிற்கிற எண் குளிரைப் பற்றியது. 15டபிள்யூ என்றால் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் எஞ்சினைச் சுற்றவிடுமா என்று சோதித்த ஒயில். 0டபிள்யூ என்றால் அந்தச் சோதனை பூச்சியத்துக்குக் கீழே 35 பாகையில். வவுனியாவில் மார்கழி விடியற்காலையில்கூட 20 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே "ஸ்ராட் பண்ணினவுடன் மேலே ஏறும்" என்பதற்காக மட்டும் இங்கே யாரும் இரண்டு மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. மற்ற இரண்டும் சூட்டைப் பற்றியவை. அவை எங்களுக்கு வேண்டியவை.

ஆனால் வன்னியில் ஒயிலின் ஆயுளைக் குறைப்பதில் சூட்டை விடப் புழுதி பெரியது. ஏ9 காப்பெற் ரோட்டை விட்டு இறங்கினால் எங்கும் கிரவல். வைகாசி, ஆனியில் முன்னால் ஒரு டிப்பர் போனால் பின்னால் வருகிறவருக்கு ரோட்டே தெரியாது. அந்தப் புழுதியில் இருப்பது சிலிக்கா, மணலின் அதே பொருள். எஞ்சினுக்குள் இருக்கிற உருக்கை விடக் கடினமானது. எயார் பில்டரைத் தாண்டி உள்ளே போனால் பிஸ்டன் றிங்கையும் பெயரிங்கையும் அராவும். ஒயில் பில்டர் பெரிய துகளைப் பிடிக்கும். மிக நுண்ணிய துகள் ஒயிலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்ற ஒரே வழி அந்த ஒயிலை வடித்து விடுவதுதான். விலை கூடின ஒயிலானாலும் மணலைக் கரைக்காது.

இங்கேதான் கணக்கு வருகிறது. சிந்தெற்றிக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பெரிய நியாயம், அது கூடுதல் தூரம் தாங்கும் என்பது. வண்டியோடு வந்த கைநூலில் சேர்விஸ் அட்டவணையைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு நிரல் இருக்கும்: சாதாரண ஓட்டம், கடும் ஓட்டம். புழுதி ரோடு, குறுந்தூர ஓட்டம், நின்றபடி நீண்ட நேரம் எஞ்சின் ஓடுவது, பாரம் இழுப்பது எல்லாம் கடும் ஓட்டத்துக்குள் வரும். பல கார்களில் சாதாரணத்துக்கு 10,000 கிலோமீற்றர் என்றால் கடும் ஓட்டத்துக்கு 5,000. மல்லாவிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் உள்வீதியால் ஓடுகிற எந்த வண்டியும் இரண்டாவது நிரலில்தான் சேரும். எந்த ஒயில் விட்டாலும் 5,000 இல் வடிக்கத்தான் வேண்டுமென்றால், கூடுதல் தூரத்துக்கென்று கொடுத்த காசு வடிகிற ஒயிலோடு போகிறது. அந்தக் காசை மிச்சம் பிடித்து, மினரல் ஒயிலை நேரத்துக்கு மாற்றி, ஒரு புது எயார் பில்டரும் போடலாம். எஞ்சினுக்கு இதுதான் நல்லது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கானைக் கையில் எடுத்தால் சிந்தெற்றிக்கா இல்லையா என்று தேடமுன் வேறு இரண்டைத் தேடுங்கள். ஒன்று தடிப்பெண்: 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்று கைநூலில் என்ன இருக்கிறதோ அது. இரண்டாவது ஏபிஐ எழுத்து, அதாவது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின் தரக்குறி. எஸ் என்று தொடங்கினால் பெற்றோல், சி என்று தொடங்கினால் டீசல். பெற்றோலில் இரண்டாவது எழுத்து அகரவரிசையில் பின்னால் போகப் போகப் புதிய தரம்: எஸ்என் 2010 இல் வந்தது, எஸ்பி 2020 இல். டீசலில் சிஎஃப்-4, சிஐ-4, சிகே-4 என்று போகும். மலிவாக வருகிற சில கான்களில் இன்னும் எஸ்எஃப் என்று இருக்கும். அது 1980களின் எஞ்சினுக்கான தரம். தரக்குறியே இல்லாத ஒரு ‘சிந்தெற்றிக்’ கானுக்கும் சிஐ-4 எழுதிய ஒரு மினரல் கானுக்கும் இடையில் நான் கண்ணை மூடிக்கொண்டு மினரலைத்தான் எடுப்பேன்.

இனி வண்டி வண்டியாக.

மோட்டார் சைக்கிள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம், குழப்பமும் அதில்தான் அதிகம். ஒட்டுசுட்டான் பக்கத் தம்பி ஒருவர் வண்டியைத் தள்ளாத குறையாகக் கொண்டு வந்தார்.

"அண்ணை, முறுக்கினால் சத்தம்தான் கூடுது. வண்டி இழுக்குதில்லை."

"என்ன ஒயில் விட்டனீர் தம்பி?"

"கார் ஒயில் அண்ணை. முழுச் சிந்தெற்றிக். நல்ல விலை."

ஒயில் நல்லதுதான், அந்த வண்டிக்குரியது அல்ல. கியர் மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கிளச், கியர்பொக்ஸ் மூன்றும் ஒரே ஒயிலில் குளிக்கின்றன. எரிபொருள் மிச்சம் பிடிக்கும் கார் ஒயிலில் வழுக்குத்தன்மையைக் கூட்டும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது கிளச் பிளேற்றிலும் ஏறினால் பிளேற் பிடிக்காது. ஆகவே கியர் வண்டிக்குக் கானில் ஜாசோ எனும் யப்பான் தரக்குறியில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கவேண்டும். டியோ மாதிரிக் கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளச் ஒயிலுக்குள் இல்லை, அதற்கு எம்பி குறி உள்ள ஒயில். ரீச்சர்மார் பெரும்பாலும் ஸ்கூட்டர்தான் ஓடுகிறார்கள். வீட்டில் அண்ணனுடைய பல்சருக்கு வாங்கி மிஞ்சிய ஒயிலை அதற்கு விட்டால் ஆபத்தில்லை. ஸ்கூட்டர் ஒயிலைப் பல்சருக்கு விடுவதுதான் கூடாது.

கியர் பற்கள் ஒயிலை அரைக்கும். ஒயில் சூட்டில் தண்ணீராகாமல் இருக்கச் சேர்க்கும் நீண்ட பொலிமர் இழைகள் அப்படி அறுந்துபோனால் ஒயில் மெலியும். நல்ல சிந்தெற்றிக்கில் இந்தப் பொலிமர் குறைவாகத் தேவைப்படுவதால் அது தடிப்பைக் காக்கும். 150 சீசிக்கு மேற்பட்ட வண்டி, ஏ9இல் வேகமாக ஓடுகிற வண்டி என்றால் செமி அல்லது முழுச் சிந்தெற்றிக் வாங்குவதில் நியாயம் உண்டு. ஸ்பிளென்டர், சீடி100, பிளாற்றினா வைத்திருந்து வயலுக்கும் சந்தைக்கும் ஓடுகிறவர் மினரலே விடலாம். நான் கிரவலில் ஓடுகிற சின்ன வண்டிகளுக்கு 2,000 கிலோமீற்றரில் ஒயில் மாற்றச் சொல்கிறேன். ஒரு லீற்றருக்குக் கிட்டத்தான் பிடிக்கும், பெரிய செலவில்லை. மூட்டை ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் ஊருகிற காற்றுக்குளிர் எஞ்சினுக்குள் இருக்கிற அந்தக் கொஞ்ச ஒயில் படும் பாடு பெரிது.

வகன்ஆர், அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் ஒயில் மூடியிலேயே 0டபிள்யூ-20 என்று எழுதியிருக்கும், சிலவற்றில் 0டபிள்யூ-16. குளிர் இல்லாத ஊரில் ஏன் இது என்று கேட்பார்கள். இங்கே முக்கியம் பின்னால் நிற்கிற 20. சூடான எஞ்சினில் ஒயில் எவ்வளவு மெல்லியதாக ஓடவேண்டும் என்பது அது. வால்வு நேரத்தை ஒயில் அழுத்தத்தால் மாற்றுகிற நுண்ணிய குழாய்கள் அந்தத் தடிப்புக்கே அளந்து செய்யப்பட்டவை. மினரல் அடிப்படையில் இவ்வளவு மெல்லியதாகச் செய்தால் சூட்டில் ஆவியாகிவிடும். அதனால் இந்தத் தடிப்பு சிந்தெற்றிக்கில்தான் வரும். "வெயிலுக்குத் தடிப்பாய் விடுங்கோ" என்று சொல்லி இவற்றுக்கு 20டபிள்யூ-50 ஊற்ற வேண்டாம். ஹைபிரிட்டில் எஞ்சின் நிமிடத்துக்கு நிமிடம் நின்று நின்று பிடிக்கும், ஒவ்வொரு தடவையும் ஒயில் உடனே மேலே போகவேண்டும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்றபின் ஐந்து வருடத்துக்குக் கிட்ட எல்லோரும் கையிலிருந்த காரையே காப்பாற்ற வேண்டியிருந்தது. சரியான ஒயில் விட்டவர்களுடைய எஞ்சின் இன்றும் சத்தமில்லாமல் ஓடுகிறது.

ஹையேஸ் சாரதிகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் கிலோமீற்றர் ஓடுவதால் தங்கள் எஞ்சின்தான் அதிகம் கஷ்டப்படுகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் காப்பெற்றில் ஓடுவது ஒயிலுக்கு மிகச் சுகமான வேலை. ஈரம் ஆவியாகிவிடும், புழுதி குறைவு. சிந்தெற்றிக் விட்டுக் கைநூல் அனுமதிக்கிற முழுத்தூரமும் ஓடி லாபம் பார்க்கக்கூடியவர்கள் இவர்கள்தான். டேர்போ உள்ள வான் என்றால் கட்டாயம் நல்ல ஒயில் வேண்டும். ஏற்றம் ஏறி நின்றவுடன் எஞ்சினை நிறுத்தினால் டேர்போ பெயரிங்கில் நிற்கிற ஒயில் கரியாகும், ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். புகைக்குழாயில் டிபிஎஃப் என்கிற கரி வடிகட்டி இருக்கிற யப்பான் வானுக்குச் சாம்பல் குறைந்த ஒயில் விடவேண்டும், இல்லாவிட்டால் டிபிஎஃப் அடைத்துவிடும். டேர்போ இல்லாத பழைய டொல்பின் வானுக்கு 15டபிள்யூ-40 மினரல், சிஐ-4 தரம். அதற்கு மேல் தேவையில்லை.

உழவு இயந்திரம் வேறு உலகம். கிலோமீற்றர் பார்த்துப் பயனில்லை, மணிக்கணக்குத்தான். மீற்றர் வேலை செய்யாவிட்டால் ஒரு கொப்பியில் நாள்தோறும் ஓடிய மணியை எழுதுங்கள். மெசி 240இல் இருக்கிற மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின் ஏறத்தாழ 7 லீற்றர் ஒயில் பிடிக்கும். அதற்கு முழுச் சிந்தெற்றிக் விடச்சொல்லி எந்தக் கமக்காரருக்கும் நான் சொல்லமாட்டேன். காலபோக விதைப்புக்கு முன் புழுதி உழவில் அந்த எஞ்சின் விழுங்குவது காற்றோடு மண்ணும் சேர்ந்துதான். ஒயிலை விட அதன் எயார் கிளீனர் கிண்ணத்தைப் பாருங்கள். பழைய மெசிகளில் அடியில் ஒயில் நிற்கிற கிண்ணம் இருக்கும். கிளிப்பை விடுவித்துக் கிண்ணத்தை நேராகக் கீழே இறக்குங்கள், சரிக்காதீர்கள். விரலை அடிவரை விட்டால் மேலே ஒயில் தெளிவாக இருந்தாலும் அடியில் களிமண் மாதிரி ஒரு படை தட்டுப்படும். அந்தப் படை தடித்துவிட்டால் கிண்ணத்தை வழித்துக் கழுவி, எஞ்சினுக்கு விடுகிற அதே ஒயிலைக் கோடு வரை விடவேண்டும். கோட்டுக்கு மேல் விட்டால் எஞ்சின் அதை உறிஞ்சும், குறைய விட்டால் புழுதி நேராக உள்ளே போகும். புழுதி உழவு நாட்களில் இதைத் தினமும் காலையில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சேற்றுழவில் வேறு ஆபத்து, தண்ணீர். ஒயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்ரிக்கில் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் எஞ்சினை முறுக்கவே வேண்டாம். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் போனபோது, தண்ணீர் வடிந்தவுடன் ஸ்ராட் பண்ணிப் பார்த்த வண்டிகள்தான் கெட்டன. முதலில் வடித்து, மலிவான மினரல் ஒயிலை விட்டுக் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடித்து, பிறகுதான் நல்ல ஒயில். இந்த வேலைக்குச் சிந்தெற்றிக் வீண்.

ஒயில் மாற்ற நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க மூக்கும் விரலும் காணும். இதை எனக்குப் பழக்கிய மூத்த மெக்கானிக், பொருளாதாரத் தடைக் காலத்தில் புதுக்குடியிருப்பில் வேலை செய்தவர். பெற்றோல் கிடைக்காத அந்த நாளில் மோட்டார் சைக்கிள்களைச் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலக்கும். ஒயிலின் அளவு கூடும், தடிப்பு குறையும். அதனால் அவர் டிப்ஸ்ரிக்கை இழுத்தவுடன் அளவைப் பார்க்கமுன் மூக்குக்கிட்டக் கொண்டுபோவார். 2022 எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு வந்த சில வண்டிகளிலும் அந்த மணத்தை நான் பிடித்திருக்கிறேன். அந்த மணம் வந்தால் எத்தனை கிலோமீற்றர் ஓடினது என்று கணக்குப் பார்க்காமல் வடித்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை, வெள்ளைக் கடதாசி. எஞ்சின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்ரிக்கிலிருந்து ஒரு சொட்டை, மினுங்காத தடித்த கடதாசியில் விட்டு, இரவு முழுக்கக் காயவிடுங்கள். நல்ல நிலையிலுள்ள ஒயில் சாம்பல் நிறமாக ஒரே சீராகப் பரந்திருக்கும். நடுவில் கரிய பொட்டும் அதைச் சுற்றிக் கூரிய விளிம்பும் நின்றால், கரியைத் தாங்கி வைத்திருக்கும் சக்தி ஒயிலுக்குப் போய்விட்டது என்று பொருள். ஒயில் கறுத்ததை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். டீசலில் விட்டு ஒரு நாளிலேயே கறுக்கும். கரியை எஞ்சினில் படியவிடாமல் தன்னோடு எடுத்திருக்கிறது. சோதித்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஓடிய ஒயில் தோலுக்குக் கூடாது.

சில பயங்களுக்கு விரைவாகப் பதில். சிந்தெற்றிக் ஒருமுறை விட்டால் திரும்ப மினரலுக்கு வரமுடியாது என்பது பிழை, வரலாம். வழியில் ஒயில் குறைந்து, கடையில் மற்ற வகைதான் இருக்கிறது என்றால் அதே தடிப்பில் கலந்து விடலாம். ஒயில் இல்லாமல் ஓடுவதை விட ஆயிரம் மடங்கு நல்லது. பழைய எஞ்சினுக்குச் சிந்தெற்றிக் விட்டால் ஒழுகும் என்பதில் பாதி உண்மை. எஞ்சினில் ஒயில் கசியாமல் அடைக்கும் றப்பர் சீல்களை அது அரிப்பதில்லை. சீலின் வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்த பழைய தாரைக் கழுவிவிடுகிறது, ஏற்கெனவே இருந்த ஒழுக்கு வெளியே தெரிகிறது.

வாங்கும்போது கவனம். இலங்கையில் அனுமதி பெற்ற நிறுவனங்கள்தான் எஞ்சின் ஒயில் கொண்டுவந்து விற்கலாம். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதைப் பார்க்கிறது. ஆனாலும் வெற்றுக் கானில் திரும்ப நிரப்பி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். விலை கூடின சிந்தெற்றிக்கைப் போலி செய்வதில்தான் அவர்களுக்கு லாபம். மூடி வளையம் உடையாமல் இருக்கிறதா, தொகுதி இலக்கம் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். ஊற்றி முடிந்த கானைக் கராஜில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். லேபலைக் கிழித்துக் கானில் ஒரு ஓட்டை போட்டுவிட்டால் அதை யாரும் திரும்பப் பாவிக்க முடியாது. எங்கள் கராஜில் உங்கள் கண்முன்னே அதைச் செய்து தருகிறோம்.

கழிவொயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். கறையானுக்கென்று வேலிக்கட்டையில் பூசுகிறார்கள், புழுதி அடங்கவென்று முற்றத்தில் ஊற்றுகிறார்கள். மழை வந்தால் அது இறங்குவது நாங்கள் குடிக்கிற கிணற்றுக்கும் குளத்து வாய்க்காலுக்கும்தான். வடித்த ஒயிலை மூடியுள்ள கானில் பிடித்து வைத்துச் சேர்விஸ் நிலையத்திலோ கராஜிலோ கொடுங்கள். நாங்கள் பரலில் சேர்க்கிறோம், எங்களிடம் ஒயில் வாங்காதவர்களும் கொண்டுவந்து ஊற்றலாம்.